களவு ஒலிப்பதிவும் கலைஞரின் மறுப்பும்: அன்னபூர்ணா தேவியின் சுர்பகார் ஒலிநாடாக்களை முன்வைத்து

முன்னுரை

நிகழ்த்துகலை நிகழும் பொழுதிலேயே தோன்றி அப்பொழுதோடு மறையும் இயல்பினது. கூத்தும் இசையும் கண்டோர், கேட்டோர் நினைவில் மட்டுமே எஞ்சிநின்ற நெடுங்கால நிலையை ஒலிப்பதிவுக் கருவியின் வருகை மாற்றியமைத்தது. ஒருமுறை ஒலித்து அடங்கியதை மீண்டும் மீண்டும் கேட்க இயன்றபோது, ஏட்டிலுள்ள பாட்டைப் போல இசையும் ஆய்வுக்குரிய பனுவலாயிற்று. ஆனால் அவ்வாறு பனுவலாவதற்குக் கலைஞர் இசைவு தந்தாரா என்னும் வினா பல வேளைகளில் எழுப்பப்படுவதே இல்லை. கலைஞர் அறியாமல் எடுக்கப்பட்ட ஒலிப்பதிவு, அவர் அரங்கைவிட்டு விலகிய பின்னரும் கைமாறிக் கைமாறிப் பரவும்போது, அதனைக் கேட்டு மதிப்பிடும் திறனாய்வாளரின் நிலை யாது?

இந்துஸ்தானி இசைமரபில் சுர்பகார் கலைஞராகப் புகழ்பெற்ற அன்னபூர்ணா தேவியின் ஒலிநாடாக்களைக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. பாடவேறுபாடு, ஏட்டுச் சிதைவு, பதிப்புநெறி ஆகியவற்றில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட பயிற்சியுடைய தமிழ்ப் பதிப்பியல், இவ்வகைப் பதிவுகளை அணுகுவதற்குத் துணைசெய்யும் என்பது இதன் கருதுகோளாகும்.

கலைஞரும் கருவியும்

அன்னபூர்ணா தேவி (1927-2018) இன்றைய மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மைஹரில் பிறந்தவர். மைஹர் கரானாவின் முதல்வரான அலாவுதீன் கானின் மகள். சரோத் கலைஞர் அலி அக்பர் கானின் தங்கை. 1941-இல் சித்தார் கலைஞர் ரவிசங்கரை மணந்தார். 1950-களில் இருவரும் இணைந்து அரங்குகளில் வாசித்தனர். அதன்பின் அன்னபூர்ணா தேவி பொது அரங்கிலிருந்து முற்றிலும் விலகினார். மும்பையில் தம் இல்லத்திலேயே வாழ்ந்து, தேர்ந்தெடுத்த மாணவர்க்கு மட்டும் கற்பித்தார். சித்தார் கலைஞர் நிகில் பானர்ஜி, குழற்கலைஞர்கள் ஹரிபிரசாத் சௌராசியா, நித்தியானந்த் ஹல்டிபுர் முதலியோர் அவரிடம் பயின்றோருள் சிலர். 1977-இல் பத்மபூஷண் விருதும் 1991-இல் சங்கீத நாடக அகாதெமி விருதும் அவருக்கு வழங்கப்பெற்றன. அரங்கேறி வாசிக்காத ஒருவருக்கு இவ்வளவு மதிப்பு வந்து சேர்ந்தது அவரது ஆசிரியத் தகுதியாலும், கேட்டோர் சொல்லிவந்த நினைவுகளாலும் ஆகும்.

சுர்பகார் சித்தாரின் வடிவத்தை ஒத்த பெரிய கருவி. தடித்த தந்திகளும் தாழ்ந்த சுருதியும் உடையது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு சுரத்திலிருந்து பல சுரங்கள் வரை வழுக்கிச் செல்லும் மீண்ட் என்னும் உத்திக்கு அது பெரிதும் இடந்தருவது. விரைவான கத்துகளைக் காட்டிலும் நிதானமான ஆலாபனைக்கே ஏற்றது. வடநாட்டு வீணையாகிய பீனின் ஆலாபனை முறையைத் தாங்கிநிற்பது என்பர். அலாவுதீன் கானின் ஆசிரியராகிய இராம்பூர் வசீர்கான் பீன் கலைஞர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

முதலில் சித்தார் பயின்ற மகளைத் தந்தை சுர்பகாருக்கு மாற்றினார். பொதுமக்களும் வல்லுநரும் ஒருசேர விரும்பும் சித்தாரை விடவேண்டியிருக்கும் என்றும், சுர்பகாரை ஆழ்ந்த கேள்வியறிவுடையோரே சுவைப்பர் என்றும் தந்தை முன்கூட்டியே எச்சரித்ததை அன்னபூர்ணா தேவி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அரிய நேர்காணலொன்றில் நினைவுகூர்ந்துள்ளார். தமக்குப் பேராசை இல்லாமையே அவ்வித்தையைப் பெறும் தகுதியாகத் தந்தையால் கருதப்பட்டது என்பதும் அந்நேர்காணலிலிருந்து புலனாகிறது. ஆகவே யாருக்காக வாசிப்பது என்னும் வரையறை, அவர் அரங்கைவிட்டு விலகுவதற்கு நெடுநாள் முன்பே, கருவியைத் தேர்ந்த நாளிலேயே அமைந்துவிட்டது எனலாம். பாயிர மரபு கொள்வோன் தன்மையையும் கோடல் மரபையும் நூலோடு சேர்த்தே பேசுகிறது. பெறுவோர் யாவர், பெறும் முறை யாது என்பன கலைக்குப் புறம்பானவை அல்ல என்னும் அக்கொள்கை இங்கு முழுமையாகப் பொருந்துகிறது.

பதிவும் பகிர்வும்

அன்னபூர்ணா தேவி தம் வாசிப்பை இசைத்தட்டாக வெளியிடவில்லை. ஆயினும் தனி வாசிப்பாக மாஞ்ச் கமாஜ், கௌசிகி ஆகிய இராகங்களும், ரவிசங்கரோடு இணைந்து வாசித்த யமன் கல்யாணும் அவர் பெயரால் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. அரங்கு நிறைந்து கூட்டம் வெளியிலும் நின்றமையால் வாயிலுக்கு வெளியே ஒலிபெருக்கி வைக்கப்பட்டது என்றும், அவ்வொலிபெருக்கியிலிருந்து யாரோ மறைவாகப் பதிவுசெய்தனர் என்றும் இவற்றின் தோற்றம் குறித்து இசையுலகில் சொல்லப்படுகிறது. பதிவுசெய்தவர் பெயரோ கருவியின் விவரமோ அச்செய்தியோடு வருவதில்லை. எனவே அதுவும் வாய்மொழிச் சான்றே என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும்.

இச்செய்தியை ஏற்றுக்கொண்டு நோக்கினால், பொதுவாகக் கள்ளப்பதிவு என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதற்குள் இருவேறு செயல்கள் அடங்கியிருப்பது தெளிவாகும். ஒன்று பதிவு, மற்றொன்று பகிர்வு. வெளியே நின்றவர் கேட்பதற்காகவே ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. ஆதலின் அவர் கேட்டதில் களவு இல்லை. அன்று மாலை அவருக்கு வழங்கப்பட்டிருந்தது. அம்மாலையைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் உரிமை வழங்கப்படவில்லை. அப்பதிவு நிகழ்ந்தபோது கலைஞர் இன்னும் அரங்கில் வாசித்துக்கொண்டிருந்தார். ‘இனி வாசியேன்’ என்னும் மறுப்பு அப்போது எழவில்லை.

பகிர்வின் நிலை வேறு. 1950-களில் சுருள்நாடாக் கருவி இந்தியாவில் மிகச் சிலரிடமே இருந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட் என்னும் ஒலிநாடாப் பேழை 1980-களில் இந்தியாவெங்கும் பரவியபோதுதான் இத்தகைய தனிப்பதிவுகளைப் படியெடுத்து வழங்குதல் எளிதாயிற்று. பின்னர் எண்முறைக் கோப்புகளும் இணையமும் அதனை எல்லையற்றதாக்கின. அதாவது, பதிவு மறுப்புக்கு முன்னர் ஒருமுறை நிகழ்ந்தது. பகிர்வோ மறுப்பு நாடறிந்த செய்தியான பின்னர், ஒவ்வொரு படியெடுப்பிலும் புதிதாக நிகழ்ந்தது. முதற்செயல் அறியாமையாலும் ஆர்வத்தாலும் விளைந்ததாகலாம். இரண்டாம் செயலுக்கு அவ்விலக்கு இல்லை. திறனாய்வாளர் கேட்கும் படி எப்போதும் இரண்டாம் செயலின் விளைவே ஆதலால், வினா அவரையும் சுட்டுகிறது.

நாடா தரும் சான்று

களவுப்பதிவைப் போற்றுவோரும் பழிப்போரும் ஒரு கருத்தில் உடன்படுகின்றனர். நாடாவில் இருப்பது அன்னபூர்ணா தேவியின் இசை என்பதே அது. அதனை எந்த அளவு ஏற்கலாம் என்று ஆராய்தல் பதிப்பியலாரின் முதற்கடமையாகும்.

மேற்கூறிய தோற்றச் செய்தி உண்மையாயின், சுர்பகாரின் ஒலி நம்மை வந்தடையும் வழி நீண்டது. கருவியின் ஒலியை மேடை ஒலிவாங்கி வாங்குகிறது. பெருக்கி அதனைப் பெருக்குகிறது. வாயிலிலுள்ள ஒலிபெருக்கி வெளியிடுகிறது. தெருவோசையோடு கலந்த அவ்வொலியைப் பதிவுக் கருவியின் ஒலிவாங்கி மீண்டும் வாங்குகிறது. அதன்பின் நாடாவிலிருந்து நாடாவுக்குப் படிகள் தொடர்கின்றன. அக்காலப் பொதுவிடங்களில் பயன்பட்ட கூம்பு ஒலிபெருக்கி பேச்சொலியைத் தொலைவுக்குச் செலுத்த வல்லது. தாழ்ந்த அதிர்வெண்களைப் பெரும்பாலும் இழந்துவிடுவது. சுர்பகாரின் உயிரோ தாழ்ந்த அதிர்வெண்களிலேயே உள்ளது. மந்தரத் தந்தியின் கார்வை, முதன்மைத் தந்தி அடங்கிய பின்னும் ஒத்ததிரும் துணைத்தந்திகளின் மெல்லொலி, மிக மென்மையான மீட்டுக்கும் வன்மையான மீட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆகியன இவ்வழியில் தேய்ந்துவிடுகின்றன. அனைத்தினும் முதன்மையாக இழக்கப்படுவது மௌனம். ஆலாபனையில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடைப்பட்ட அமைதி இசையின் பகுதியாகும். நாடாவில் அவ்விடத்தை இரைச்சல் நிரப்பிவிடுகிறது.

எனினும் எஞ்சுவனவும் குறைந்தவையல்ல. இராகத்தின் எப்பிடியைத் தொடர்ந்து எப்பிடி வருகிறது, ஒரு சுரத்தில் எவ்வளவு நேரம் நிலைத்துநிற்கப்படுகிறது, மீண்ட் எச்சுரத்திலிருந்து எச்சுரம் வரை செல்கிறது, ஆலாபனையின் தளர்ந்த நடை எவ்விடத்தில் ஜோட் என்னும் சீர்நடையாகிறது என்பவற்றை மங்கிய நாடாவும் காட்டும். மாஞ்ச் கமாஜ் மைஹர் கரானாவோடு நெருங்கிய தொடர்புடைய இராகம். தென்னக அரிகாம்போதி மேளத்தின் சுரங்களையொத்த கமாஜ் தாட்டைச் சார்ந்தது. அதனை அலாவுதீன் கானின் மாணவர் பலரும் வாசித்துள்ளனர். அவர்தம் வெளியிடப்பட்ட பதிவுகளோடு இந்நாடாவை ஒப்பிட்டு, இராக வடிவத்தில் ஒற்றுமை வேற்றுமை காண இயலும். ஆயின் நாதத்தின் தரத்தை ஒப்பிடுதல் இயலாது. நல்ல அரங்கில் நல்ல கருவியால் பதிந்த ஒலிக்கும், தெருவில் பதிந்து பலமுறை படியெடுத்த ஒலிக்கும் இடையிலான வேறுபாடு கலைஞரிடையிலான வேறுபாடாகத் தோன்றிவிடும்.

படியெடுத்தலின் இயல்பும் கருதத்தக்கது. ஓலைச்சுவடியைப் படியெடுப்போர் எழுத்தை மாறிப் படிப்பர்; தமக்குப் பொருள் விளங்காவிடத்துத் திருத்தியும் எழுதுவர். நாடாப் படிகளில் இரைச்சல் கூடும். சுழல்வேகம் மாறினால் சுருதியே ஏறவோ இறங்கவோ செய்யும். பிற்காலத்தில் கணினியால் இரைச்சலை நீக்கித் தூய்மை செய்வோர், இரைச்சலோடு மெல்லொலிகளையும் நீக்கிவிடுதல் உண்டு. அவர்தம் பணி, திருத்தி எழுதிய படியெடுப்பாளரின் பணியை ஒத்தது. தெளிவாகக் கேட்கும் படி மூலத்துக்கு அணுக்கமான படி என்று கொள்ளலாகாது. எளிய பாடத்தை ஐயத்தோடு நோக்கும் பதிப்பியல் எச்சரிக்கை இங்கும் வேண்டப்படுகிறது.

சட்டத்தின் எல்லை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. நிகழ்த்துநர்க்கு அச்சட்டம் தொடக்கத்தில் தனியுரிமை எதுவும் அளிக்கவில்லை. ஒலிப்பதிவில் உரிமை அதனை உருவாக்கியவரைச் சார்ந்தது. வாசித்தவர்க்கு அங்கு இடமில்லை. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே 38-ஆம் பிரிவின்வழி நிகழ்த்துநர் உரிமை தோன்றியது. முதலில் 25 ஆண்டாக இருந்த அதன் காலம் 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50 ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. தம் பெயர் சுட்டப்படவும், தம் நிகழ்ச்சி சிதைக்கப்படுவதைத் தடுக்கவும் நிகழ்த்துநர்க்குள்ள அறவுரிமை 2012-இல் சேர்க்கப்பட்டது. பதிவுசெய்வோரின் சொந்தப் பயன்பாட்டுக்காகவும், உண்மையான கற்பித்தல் அல்லது ஆய்வுக்காகவும் மட்டும் செய்யப்படும் பதிவுகளுக்கு 39-ஆம் பிரிவு விலக்களிக்கிறது.

1950-களின் நிகழ்ச்சிக்குப் பிற்கால உரிமை பொருந்தும் என்று ஒரு வாதத்துக்காகக் கொண்டாலும், 50 ஆண்டுக் காலம் 2009-ஆம் ஆண்டோடு முடிந்திருக்கும். பதிவின்போது உரிமை பிறக்கவில்லை. பகிர்வு பெருகியபோது அது காலங்கடந்துவிட்டது. எனவே இந்நாடாக்களைக் குறித்துச் சட்டம் தரும் விடை மிகச் சிறிது. தடையில்லை என்பதனால் தகும் என்று ஆகிவிடாது. வினா அறத்தின்பாலும் திறனாய்வு நெறியின்பாலும் வந்து நிற்கிறது.

இசைவு பின்னர் வருதலும் உண்டு. கனடியப் பாடகர் நீல் யங் 1974 மே 16 அன்று நியூயார்க்கின் பாட்டம் லைன் அரங்கில் முன்னறிவிப்பின்றித் தோன்றித் தனியாகக் கிட்டாரோடு பாடினார். அப்போது வெளிவராத பாடல்களே மிகுதியாக இருந்த அந்நிகழ்ச்சியின் மறைப்பதிவு பல்லாண்டுகள் இரசிகரிடையே உலவியது. 2022-இல் அவரே அந்நிகழ்ச்சியைக் கள்ளப்பதிவுக்கு வழங்கிய பெயராலேயே தம் வெளியீட்டு வரிசையில் சேர்த்தார். களவில் தொடங்கியது கலைஞரின் ஒப்புதலால் முறைமை பெற்றது. அன்னபூர்ணா தேவி 2018 அக்டோபர் 13 அன்று மறையும்வரை அத்தகைய ஒப்புதலை அளிக்கவில்லை. மறைப்பதிவுகள் யாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் தக்க சான்றுகளாகும்.

மறுப்பும் மதிப்பீடும்

நாடாக்களை முற்றிலும் ஒதுக்கிவிடுதலே முறை என்று கூறலாம். அதிலும் ஓர் இடர் உண்டு. அன்னபூர்ணா தேவியைப் பற்றிய பேச்சுகளில் பெரும்பகுதி அவரது மணவாழ்வைச் சுற்றியே சுழல்கிறது. அவர் அரங்கைவிட்டதற்குக் காரணம் யாது என்பது பற்றி அவர் தரப்பும் ரவிசங்கர் தரப்பும் இருவேறு விளக்கங்களைத் தந்துள்ளன. 1973-இல் வெளிவந்த அபிமான் என்னும் இந்தித் திரைப்படத்தோடும் அவ்வாழ்வு தொடர்புபடுத்தப்படுகிறது. கணவரினும் மனைவி சிறந்தவர், தமையனினும் தங்கை சிறந்தவர் என்றாற்போன்ற ஒப்பீடுகள் வாய்மொழியாக வழங்குகின்றன. புகழ்ச்சியாகத் தோன்றும் இவ்வொப்பீடுகள் அவரை எப்போதும் பிறரைக் கொண்டே அளக்கின்றன. நாடா இல்லையெனில் எஞ்சுவது இப்பேச்சு மட்டுமே. எவ்வளவு மங்கியதாயினும் நாடாவில் ஒலிப்பது அவரைப் பற்றிய பேச்சன்று, அவர்தம் விரல். இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெண் சுர்பகாரில் எவ்வாறு இராகத்தை வளர்த்தார் என்பதற்குரிய நேர்ச்சான்று அது. பெண் கலைஞர் வரலாற்றை எழுத முனைவோர் அதனை எளிதில் துறத்தல் இயலாது.

ஆனால் அதே நாடாவைக் கொண்டு பழைய ஒப்பீட்டை முடித்துவைக்க முயல்வது, சான்றின் எல்லையையும் மீறுகிறது. கலைஞரின் மறுப்பையும் மீறுகிறது. போட்டியிலிருந்து விலகிக்கொண்ட ஒருவரை, அவர் அறியாமல் எடுத்த பதிவைக் கொண்டு மீண்டும் போட்டிக்குள் இழுத்துவருதல் அது. இந்நாடாக்களைக் குறித்துத் திறனாய்வு இழைக்கக்கூடிய பெரும்பிழை இதுவேயாகும்.

இவ்விடத்துத் தமிழ்ப் பதிப்பு வரலாறு ஒரு வழியைக் காட்டுகிறது. 1894-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றின் 267, 268-ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஆயினும் அவ்வெண்கள் விடப்படாமல் வெற்றிடங்களாகவே நின்று, அங்குப் பாடல்கள் இருந்தமையை உணர்த்துகின்றன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்காமையை நூற்பெயரே நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. இழப்பை மறைக்காமல் காட்டுதலும் பதிப்பின் பணி. அன்னபூர்ணா தேவியின் இசை வரலாற்றை எழுதுவோர்க்கும் அறுபதாண்டுக்கு மேற்பட்ட அரங்க மௌனம் இத்தகைய வெற்றெண்ணாகும். வேறுபாடும் ஒன்றுண்டு. புறநானூற்றின் வெற்றிடம் காலத்தால் நேர்ந்த இழப்பு. இது கலைஞர் தாமே தெரிந்துகொண்டது. முன்னதைத் தேடி நிரப்புதல் புலமைத் தொண்டு. பின்னதை நிரப்ப முனைவதற்கு அவ்வுரிமை இல்லை. சில மங்கிய நாடாக்களைக் கொண்டு அம்மௌனத்தை ஈடுசெய்துவிட்டதாகக் கருதுதல் பிழையாகும்.

அம்மௌனத்துள்ளும் இசை நிகழ்ந்துகொண்டுதான் இருந்தது. அவர் கற்பித்தார். தாம் விரும்பிய கொள்வோர்க்கு, தாம் வகுத்த முறையில் கொடுத்தார். சுர்பகாரின் ஆலாபனைநெறி சித்தாருக்கும் குழலுக்கும் சென்றது அவ்வழியேயாகும். மாணவர்தம் பதிவுகள் அவர்தம் இசைவோடு வெளிவந்தவை. களவு நாடாவை மட்டும் தேடிச்செல்லும் கேள்வி, கலைஞர் தாமே திறந்துவைத்த வாயிலைக் கடந்து, அடைத்த கதவையே தட்டிக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் கேட்கும்போதுதான் நாடாவும் தன் உரிய பொருளைப் பெறும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவனவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். மறைப்பதிவில் பதிவு, பகிர்வு ஆகிய இரண்டும் வேறு செயல்கள். அறவினா பகிர்விலேயே வலுப்பெறுகிறது. அன்னபூர்ணா தேவியின் நாடாக்கள் இராக வளர்ச்சிக்குச் சான்றாகும். நாதத்துக்கும் தரவரிசைக்கும் சான்றாகா. நாடாவை மேற்கோளாகக் காட்டுவோர் அதன் தோற்றச் செய்தியையும், எத்தகைய படியைக் கேட்டனர் என்பதனையும், கலைஞர் இசைவு தராமையையும் உடன்சுட்டுதல் வேண்டும். ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் கேட்பதும், விற்பனைக்கும் வியப்புக்கும் பரப்புவதும் ஒன்றல்ல. மாணவர் வழிவந்த இசையோடு இணைத்தே அவற்றை மதிப்பிடல் தகும்.

தமிழில் களவு என்னும் சொல் திருட்டையும் சுட்டும்; பிறர் அறியா அன்பொழுக்கத்தையும் சுட்டும். அன்று வாயிலுக்கு வெளியே நின்று நாடாவைச் சுழலவிட்டவரின் செயலில் இவ்விரண்டும் கலந்திருக்கலாம். அவர் காத்துவைத்ததால்தான் இன்று கேட்க இயலுகிறது என்பதும், கேட்கத் தந்தவர் அக்கலைஞர் அல்லர் என்பதும் ஒருசேர உண்மை. இவற்றுள் ஒன்றை மறந்து எழுதப்படும் திறனாய்வு குறைபாடுடையதாகவே அமையும்.